கணக்கு வேறு, கடன் வேறு



"வங்கி என்றாலே வட்டி. நமக்கு எதற்கு அந்த வம்பு?" நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இறையச்சத்தால் வரும் பேச்சுதான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பேச்சின் விளைவை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வங்கிப் படி ஏறாத குடும்பத்துக்கும் கல்யாணம் வருகிறது, பிரசவம் வருகிறது, பள்ளிக்கூடக் கட்டணம் வருகிறது. அப்போது கையில் சேமிப்பு இருப்பதில்லை. தெருமுனைத் தண்டல்காரர் மட்டும் வாசலில் நிற்கிறார். வட்டி வேண்டாம் என்று வங்கியை விட்டு விலகியவர், அதைவிடப் பல மடங்கு வட்டியில் போய் விழுகிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய்த் தண்டல் என்பார்கள். கையில் தருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "1,500 ரூபாய்தானே அதிகம்" என்று தோன்றும். ஆனால் அந்த 8,500-ஐ நாம் 100 நாளும் முழுதாக வைத்திருப்பதில்லை. மறுநாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். சராசரியாகப் பார்த்தால் அதில் பாதியளவுதான் நம் கையில் இருந்திருக்கும். அந்தப் பாதிக்கு, நூறே நாளில், 1,500 ரூபாய். வருடக் கணக்கில் இது 100 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

வட்டி வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் எல்லோரும் அந்தப் பாவத்தில் சேர்கிறார்கள் என்பது நாம் பயானில் கேட்டு அறிந்ததுதான். அப்படியானால் நம் குடும்பங்களை வட்டி கொடுக்கும் நிலைக்குத் தள்ளாமல் காப்பதும் மார்க்கக் கடமையே. அதற்கு ஒரு சாதாரணக் கருவி, சொந்தப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

1. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்

கணக்கு தொடங்குவது ஒன்று. கடன் வாங்குவது இன்னொன்று. கணக்கு இருப்பதால் யாரும் கடன் வாங்கியே ஆக வேண்டியதில்லை. பணத்தைப் பத்திரமாக வைக்க, கூலியையும் அரசு உதவித்தொகையையும் வாங்க, வெளியூர்ப் பிள்ளைக்குப் பணம் அனுப்ப, எல்லாவற்றுக்கும் கணக்கு மட்டும் போதும்.

சேமிப்புக் கணக்கில் வங்கி தானாகவே வட்டி சேர்க்குமே என்று கேட்கலாம். ஆம், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சேர்க்கும். வருடம் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 5,000 ரூபாய் இருப்புக்கு ஆண்டு முழுதும் சேருவது 150 ரூபாய். பாஸ்புக்கில் அது தனி வரியாகத் தெரியும். அந்தத் தொகையைத் தனக்காகச் செலவழிக்காமல், நன்மையையும் எதிர்பார்க்காமல், ஏழைகளின் தேவைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது உலமாக்கள் பலர் தரும் வழிகாட்டல். உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். வியாபாரிகளுக்கு நடப்புக் கணக்கு உண்டு. அதில் வட்டி கிடையாது. ஆனால் அதில் பெரும்பாலும் குறைந்தபட்ச இருப்பு கேட்பார்கள்.

வட்டியில்லா வங்கிக்கு வழி பிறக்கட்டும், அதுவரை காத்திருப்போம் என்று சொல்பவர்களும் உண்டு. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-லேயே வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கியின் தீபக் மொஹந்தி குழுவும் 2015-ல் அதைப் பேசியது. ஆனால் அந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டதாக 2017-ல் ரிசர்வ் வங்கி தெரிவித்தது. வங்கிச் சேவையைப் பெறும் வாய்ப்பு எல்லாக் குடிமக்களுக்கும் சமமாக இருக்கிறது என்பது அது சொன்ன காரணம். அந்தச் சமவாய்ப்பு காகிதத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது நம் கையில் இருக்கிறது.

2. நாம் ஒதுங்கியது பாதி, ஒதுக்கப்பட்டது பாதி

குறை முழுவதும் நம்முடையது என்றும் சொல்ல முடியாது. 2005-ல் நியமிக்கப்பட்டு 2006 நவம்பரில் அறிக்கை தந்த நீதிபதி ராஜீந்தர் சச்சார் குழு, முஸ்லிம்கள் அடர்ந்து வாழும் சில பகுதிகளைச் சில வங்கிகள் 'எதிர்மறைப் பகுதி' என்று குறித்து வைத்து, கடனும் பிற வசதிகளும் எளிதில் தருவதில்லை என்று எழுதியது. மக்கள்தொகையில் நம் பங்கோடு ஒப்பிட்டால் வங்கிக் கடனில் நம் பங்கு மிகக் குறைவு என்பதையும் அது காட்டியது.

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களையும், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல், காலணித் தொழிலில் உழைப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் வங்கி திறந்திருக்கும் நேரம், இவர்கள் வேலை செய்யும் நேரம். ஒரு நாள் வங்கிக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. போன இடத்திலும் படிவத்தைக் கையில் கொடுத்து "நிரப்பிக்கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டால், கூச்சத்தில் மறுபடி போகவே மாட்டார்கள். அதனால் என்ன கேட்பது, எதைக் கொண்டுபோவது என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

3. 'அடிப்படைக் கணக்கு' என்று கேளுங்கள்

ஏழை எளியோருக்குக் குறைந்த இருப்பில் கணக்குத் தர வேண்டும் என்று 2005 நவம்பரில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் கேட்டுக்கொண்டது. 2012-ல் அது 'அடிப்படைச் சேமிப்பு வங்கிக் கணக்கு' என்று ஆனது. இது சலுகை அல்ல. எல்லோருக்கும் பொதுவான வங்கிச் சேவை. இதில் கிடைப்பவை:

- குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டியதில்லை. பூஜ்ஜியம் ஆனாலும் அபராதம் இல்லை.
- பணம் போடுவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை; கட்டணமும் இல்லை.
- ஏடிஎம் உட்பட மாதம் குறைந்தது 4 முறை கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம்.
- ஏடிஎம் கார்டு இலவசம்.

ஒரு நிபந்தனை உண்டு. அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. இருந்தால் 30 நாளுக்குள் அதை முடித்துவிட வேண்டும்.

2014 ஆகஸ்ட் 28-ல் தொடங்கிய ஜன் தன் திட்டக் கணக்கும் இந்த வகைதான். அதில் ரூபே கார்டுடன் விபத்துக் காப்பீடும் வருகிறது, 28.8.2018-க்குப் பிறகு தொடங்கிய கணக்குகளுக்கு அது 2 லட்சம் ரூபாய். விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் ஒருமுறையாவது அந்தக் கார்டைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். கார்டைப் பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை. 10,000 ரூபாய் வரை 'ஓவர்டிராஃப்ட்' வசதியும் உண்டு என்பார்கள். அது வட்டிக் கடன். வேண்டாம் என்றால் வேண்டாம். கணக்கு அப்படியே இருக்கும். தலைப்பில் சொன்ன 'கணக்கு வேறு, கடன் வேறு' என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது.

4. என்ன ஆவணம் கொண்டுபோவது?

ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், அதிகாரி கையொப்பமிட்ட நூறு நாள் வேலை அட்டை, இவற்றில் ஒன்று போதும். ரேஷன் கார்டு மட்டும் இருந்தால் ஏற்க மாட்டார்கள். பான் கார்டு இல்லாதவர்கள் அதற்குரிய படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுக்கலாம். அரசு உதவித்தொகை அந்தக் கணக்குக்கு வர வேண்டுமானால் ஆதார் இணைப்பு தேவை.

இந்த ஆவணங்களில் ஒன்றுகூட இல்லாத முதியவர்களுக்கும் வழி இருக்கிறது. வங்கி அலுவலர் முன்னிலையில், புகைப்படத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து 'சிறு கணக்கு' தொடங்கலாம். ஆண்டுக்கு மொத்த வரவு 1 லட்சம், எந்த நேரத்திலும் இருப்பு 50,000, மாதம் எடுப்பது 10,000 என்ற வரம்புகள் உண்டு. 12 மாதத்துக்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதம் நீட்டிப்பார்கள்.

நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும்: பெயர். ஆதாரில் 'முகமது', வாக்காளர் அட்டையில் 'முஹம்மது', பள்ளிச் சான்றிதழில் 'முகம்மது'. உம்மாவுக்கு ஓரிடத்தில் 'பீவி' சேர்ந்திருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. கல்யாணத்துக்கு முன் வாப்பாவின் இனிஷியல், பின் கணவர் இனிஷியல். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் கணினி வேறு ஆள் என்று தள்ளிவிடும். உதவித்தொகை வராமல் நிற்பதற்கும், மரணத்துக்குப் பின் வாரிசுகள் அலைவதற்கும் இது பெரிய காரணம். ஆகவே கணக்குத் தொடங்கும் முன் வீட்டில் எல்லோருடைய ஆவணங்களையும் தரையில் பரப்பி, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் ஆதாரை முதலில் சரிசெய்யுங்கள்.

5. பெண்களுக்குத் தனிக் கணக்கு

வளைகுடாவில் இருக்கும் கணவர் அனுப்பும் பணம் மைத்துனர் கணக்குக்கு வரும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அந்தப் பெண் இன்னொருவரிடம் கேட்டு நிற்க வேண்டும். பெண்ணின் மஹரும், அவளுடைய உழைப்பும், அவளுக்கு வந்த வாரிசுப் பங்கும் அவளுக்கே சொந்தம் என்று நம் மார்க்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தச் சொந்தத்துக்கு ஒரு முகவரி வேண்டாமா?

2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், தகுதியுள்ள பெண்ணின் கணக்குக்குத்தான் வருகிறது. மாணவியரின் கல்வி உதவித்தொகையும் கணக்குக்குத்தான் வருகிறது. கணக்கு அவள் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் அவளிடமே இருக்க வேண்டும்.

வங்கி தூரம் என்றால் ஊருக்குள் வரும் வங்கி முகவரிடம் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரும் வீட்டு வாசலில் இந்தச் சேவையைச் செய்கிறார். 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வங்கிகள் முயல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-ல் அறிவுறுத்தியிருக்கிறது. கைரேகை வைக்கும்போது கவனம் வேண்டும். "பதியவில்லை, இன்னொருமுறை வையுங்கள்" என்றால், முதலில் கைபேசிக் குறுஞ்செய்தியைப் பாருங்கள். ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

6. நாமினி: இன்றே செய்ய வேண்டிய ஒன்று

குடும்பத் தலைவர் திடீரென்று மவ்த்தாகிவிடுகிறார். கணக்கில் பணம் இருக்கிறது; நாமினி இல்லை. இத்தாவில் இருக்க வேண்டிய பெண்ணின் வீட்டார் வாரிசுச் சான்றிதழுக்கும் கையெழுத்துகளுக்கும் அலைகிறார்கள். கணக்கில் பணம் இருக்கும்போதே ஜனாஸாச் செலவுக்குக் கடன் வாங்குகிறார்கள். ஒரு படிவத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தால் இந்தச் சங்கடம் பெரும்பாலும் வந்திருக்காது.

2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு 4 பேர் வரை நாமினியாக நியமிக்கலாம். "நாமினி போட்டால் மற்ற வாரிசுகளின் பங்கு போய்விடுமே" என்று சிலர் தயங்குகிறார்கள். அது சரியல்ல. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர். பணம் வாரிசுகளுக்கு உரியது. நம் வாரிசுரிமை 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டப்படி மார்க்க முறையில்தான் பிரியும். ஆகவே நாமினியாகப் பெறுபவர் முதலில் மய்யித்தின் கடனை அடைத்து, பிறகு உரியவர்களுக்குப் பங்கைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். இதை வீட்டில் எல்லோரும் கேட்கச் சொல்லிவிடுங்கள்.

கணக்கைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதும் முக்கியம். 2 ஆண்டு நாம் எந்த வரவு செலவும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகும். மீண்டும் உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆவணத்தைக் காட்டினால் போதும். 10 ஆண்டு ஆகிவிட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரிமை போகாது. வங்கி மூலம் கேட்டுப் பெறலாம். வாப்பாவோ நன்னியோ எந்த வங்கியில் போட்டார்கள் என்று தெரியாதவர்கள், 2023 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'உத்கம்' இணையதளத்தில் தேடலாம்.

7. எது பத்திரம், எது ஆபத்து?

வங்கியில் போட்ட பணத்துக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. வங்கியே முடங்கினாலும் அது கிடைக்கும். நகைக்கடைச் சீட்டு, ஏலச்சீட்டு, "மாதம் இவ்வளவு லாபம்" என்று உறவுக்காரர் மூலம் வரும் நிறுவனங்கள், இவற்றுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. 'ஹலால் முதலீடு' என்று பெயர் வைத்துவிட்டதால் மட்டும் ஒன்று ஹலாலும் ஆகாது, பத்திரமும் ஆகாது.

ஏற்கெனவே மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக்கடனில் இருக்கும் சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை: ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது. மிரட்டுவதும் தரக்குறைவாகப் பேசுவதும் குற்றம். தனியார் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் கொடுமைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை உண்டு. காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரிடமோ புகார் தரலாம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. "உன் கணக்கை மட்டும் கொடு, கமிஷன் தருகிறோம்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அதில் வந்து போவது மோசடிப் பணமாக இருக்கும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரரைத்தான்.

வங்கியில் கணக்குத் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிளை மேலாளருக்கு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

8. ஜமாஅத்தின் பங்கு

கணக்கு இருந்தால் சேமிப்பு வரும். ஆனால் அவசரத் தேவைக்கு அது மட்டும் போதாது. அங்கேதான் அழகிய கடன், அதாவது வட்டியில்லாக் கடன் வேண்டும். பல ஊர்களில் பைத்துல்மால் மூலம் நகையை அடமானமாக வைத்து வட்டியில்லாமல் கடன் தருகிறார்கள். இது வளர வேண்டுமானால் மூன்று ஒழுங்குகள் தேவை. முதலாவது, பணம் தனிநபர் கையில் அல்ல, கூட்டுக் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு கடனும் தவணையோடும் சாட்சியோடும் எழுதப்பட வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். மூன்றாவது, கடன் வாங்கியவர் சொன்ன தேதியில் திருப்ப வேண்டும். அவர் திருப்பித் தரும் பணம்தான் அடுத்த வீட்டுக்காரரைத் தண்டலிலிருந்து மீட்கப் போகிறது.

ஜும்ஆவுக்குப் பின் மாதம் ஒரு நாள், படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் மதரஸா வராந்தாவில் உட்கார்ந்தால், ஒரு மஹல்லாவில் எத்தனையோ வீடுகளின் கூச்சம் தீர்ந்துவிடும். பெண்களுக்கு உதவ ஒரு சகோதரி உட்காரட்டும். முகவரை அங்கேயே வரச் சொன்னால் யாருக்கும் ஒரு நாள் கூலி போகாது.

வீட்டில் உட்கார்ந்து பேச

1. நம் வீட்டில் 18 வயது நிறைந்த யாருக்கெல்லாம் சொந்தக் கணக்கு இல்லை?
2. எல்லோருடைய ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா?
3. ஒவ்வொரு கணக்குக்கும் நாமினி பதிவாகியிருக்கிறதா? பாஸ்புக்கில் அச்சாகியிருக்கிறதா?
4. கடைசியாக எப்போது பணம் போட்டோம், எடுத்தோம்?
5. இப்போது யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்க வேண்டும்? அது எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் சொல்வது கடினமாக இருக்கலாம். தண்டலில் இருப்பதை வீட்டில் சொல்லாமல் மறைத்து, தனியாகச் சுமப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறந்து சொன்னால் கோபப்படாதீர்கள். கணக்கை எடுத்து எழுதுங்கள், வழி தேடுங்கள், ஜமாஅத்தை அணுகுங்கள்.

வட்டியின் எல்லாக் கதவுகளையும் விட்டு அல்லாஹ் நம் குடும்பங்களைக் காத்து, ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.